எண்ணூறு மீட்டர் சாட்சி

எங்கள் சபையில் கிரிக்கெட் பார்ப்பது பாவம். ஒரே ஓர் ஆள் பந்து வீசும் ஓவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அந்த ஆள் ஒரு வெளிநாட்டு வேகப்பந்து வீச்சாளர். விக்கெட் விழுந்தால் மற்றவர்களைப் போலக் கத்திக் குதிக்க மாட்டார். நின்ற இடத்திலேயே முழங்கால் போட்டு, கண்ணை மூடி, உதடு அசைய ஏதோ சொல்லிவிட்டு எழுந்திருப்பார். ஒரு கிறிஸ்தவ மாத இதழில் அவருடைய சாட்சி வந்திருந்தது. சாட்சி என்றால், ஆண்டவர் எனக்கு இன்னது செய்தார் என்று சபைக்கு முன்னால் எழுந்து சொல்வது. மேட்ச் நாளில் காலையில் வேதம் வாசிக்காமல் மட்டையையோ பந்தையோ தொடுவதில்லை என்று அதில் சொல்லியிருந்தார். எங்கள் போதகர் ஐயா அதைப் பிரசங்கத்தில் வாசித்தார். அவ்வளவுதான், கிழிந்தது. அதுவரை உலகத்தின் சிற்றின்பமாக இருந்த கிரிக்கெட் ஒரே வாரத்தில் ஊழியமாகிவிட்டது.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவருக்காக ஜெபம் நடந்தது. அவருக்குத் தோள்பட்டையில் காயம் என்று யாரோ பேப்பரில் படித்திருந்தார்கள். அந்தச் சங்கத்தில் முக்கால்வாசிப் பேருக்குப் பந்துவீச்சு என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு அத்தை கண்ணீர் விட்டு, "ஆண்டவரே, கல்லெறியிற உம்முடைய பிள்ளையோட தோளைத் தொடும்" என்று ஜெபித்தாள். கல்லால் கோலியாத்தை வீழ்த்திய தாவீதின் ஞாபகத்தில் இருந்திருப்பாள். யாரும் திருத்தவில்லை. கல்லோ பந்தோ, தோள் சுகமானால் சரி.

நடுவில் ஒரு சிக்கல் வந்தது. டி.வி.யில் ஒருநாள் அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் கை வைத்துச் சிலுவை போட்டதாக என் அப்பாவுக்குத் தோன்றிவிட்டது. அப்படியென்றால் ஆர்.சி.யாக, கத்தோலிக்கராக இருக்குமோ? ஒரு வாரம் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. இத்தனை நாள் வேறு சபைக்காரனுக்காகவா முழங்கால் தேய்த்தோம் என்ற கவலை. கடைசியில் போதகர் ஐயாதான் தீர்த்து வைத்தார். "அது வியர்வையைத் துடைச்சதுங்க" என்றார். அப்பா அன்று மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அப்பாவுக்குத் தேனி பஜாரில் மோட்டார், பைப் கடை. சபையில் கமிட்டி மெம்பர். மற்ற கடைகளில் கல்லாவுக்கு மேலே லட்சுமி இருப்பாள், மக்கா படம் இருக்கும். எங்கள் கடையில் ஒரு வசன காலண்டரும், பக்கத்தில் முழங்காலில் நிற்கும் அந்தப் பந்துவீச்சாளரின் படமும். சின்னமனூர்ப் பக்கமிருந்து பைப் வாங்க வருகிறவர்கள், "யாருண்ணே இது, வெளிநாட்டு மருமகனா?" என்று கேட்பார்கள். அப்பா கோபப்பட மாட்டார். "நம்ம சகோதரன்" என்பார். பைப் விலையைச் சொல்வதற்கு முன்னால் அவருடைய சாட்சியைச் சொல்லி முடித்துவிடுவார்.

உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் திராட்சைத் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் வாங்க மாதம் ஒரு தடவை வருவார். அப்பாவுக்கு நல்ல சிநேகிதர். மைதானத்தில் நெற்றியைத் தரையில் வைத்துத் தொழுகிற ஆட்டக்காரர்கள் அவருக்கும் இருந்தார்கள். இரண்டு பேரும் மணிக்கணக்காக வம்பு பேசுவார்கள். 

"அண்ணே, எங்காளும் வேண்டுறான், உங்காளும் வேண்டுறாரு. ரெண்டு மனுவும் மேல போனா அங்கன என்ன செய்வாக?" என்று ராவுத்தர் கேட்பார். 

"மேல சரியாப் பாத்து அனுப்புவாக" என்பார் அப்பா.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. கால் மட்டும் வளர்ந்து உடம்பு வளராத பெண் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் எண்ணூறு மீட்டர் ஓடுவேன். எதற்கு ஓடினேன் என்று கேட்டால் இன்றைக்கும் ஒழுங்கான பதில் கிடையாது. முதல் சுற்றில் எல்லோரோடும் சேர்ந்து போவேன். இரண்டாவது சுற்றின் பாதியில் மற்றப் பிள்ளைகளின் மூச்சு சத்தம் பின்னால் போகும். அந்த சத்தம் எனக்குப் பிடிக்கும். வேறு காரணம் இல்லை. தேனி தனி மாவட்டமானதில் யாருக்கு என்ன லாபமோ, எனக்கு நல்ல லாபம். மதுரைப் பிள்ளைகளோடு ஓடிக் கடைசியில் வர வேண்டியதில்லை. தேனி, போடி, கம்பம் பிள்ளைகளோடு மட்டும் ஓடினால் போதும். மாவட்டப் போட்டியில் முதல் இரண்டு இடம் வந்தால் திருச்சியில் மாநிலப் போட்டி. அந்தத் திருச்சிக்குப் போக வேண்டும் என்பதுதான் அந்த வருஷம் முழுக்க எனக்கு இருந்த ஒரே ஆசை. ஆண்டவரே என்று நான் உண்மையாக வாய் திறந்து கேட்டிருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மாவட்டப் போட்டியின் தகுதிச் சுற்று சனிக்கிழமை. ஓடினேன், தேறினேன். இறுதிச் சுற்று மறுநாள் மூன்று மணி என்றார் பி.டி. டீச்சர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓய்வுநாள். கடை திறக்கக் கூடாது. துணி தேய்க்கக் கூடாது. பள்ளிப் புத்தகம் விரிக்கக் கூடாது. டி.வி.யின் மேல் சனிக்கிழமை ராத்திரியே அம்மா துணி போட்டு மூடிவிடுவாள், அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியையும் வைத்துவிடுவாள். ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பரீட்சைக்குப் படித்ததற்கு அப்பா என் நோட்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இந்த மனிதரிடம் போய் ஞாயிற்றுக்கிழமை ஓடப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

சொன்னேன். சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார்.

"ஆண்டவர் நாள்ல ஓட்டமா? பேசாமப் போயிரு."

"உங்க சகோதரன் மட்டும் நாளைக்கு ஆடலாமாப்பா?"

ஆமாம், அந்த அதிசயமும் நடந்திருந்தது. மறுநாள்தான் அவர் அணிக்கு ஏதோ ஒரு கோப்பையின் இறுதி ஆட்டம். எதிர் அணியில் ராவுத்தருடைய ஆட்கள். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே ராவுத்தர்தான். முந்தின நாள் கடையில் வைத்து, "ஏண்ணே, ஞாயித்துக்கெழமை கடை தொறக்க மாட்டீக, உங்காளு மட்டும் பந்து போடலாமா?" என்று கேட்டிருந்தார். அப்பா அவருக்குப் பதில் சொல்லவில்லை. எனக்குச் சொன்னார்.

"அவரு சாட்சிக்காக ஆடுறாரு. உலகமே பாக்கும். நீ எதுக்கு ஓடுற? சொல்லு."

"சும்மாதான்ப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல? 

"சும்மா ஓடுறதுக்கு வாரத்துல ஆறு நாள் இருக்கு" என்றார். பேச்சு முடிந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்தோம். ஞாயிறு மத்தியானம் போதகர் ஐயா வீடு சந்திக்கப் போவது வழக்கம். ஒரு வீட்டில் பத்து நிமிஷம் இருப்பார், வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பார், காப்பி குடிப்பார், கிளம்புவார். அன்றைக்கு முதல் வீடாக எங்கள் வீட்டைச் சந்தித்தார். சந்தித்தவர் எழுந்திருக்கவில்லை. பின்னாலேயே இரண்டு கமிட்டி மெம்பர்கள், தாங்களும் எங்களைச் சந்திக்க வந்தார்கள். சங்கீதம் வாசித்தாயிற்று. காப்பியும் ஆயிற்று. எல்லோரும் டி.வி. மேல் கிடந்த துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 

"சத்தம் வைக்காமப் பாத்தா தப்பில்லன்னு நினைக்கேன்" என்றார் போதகர் ஐயா. "ஜெப சிந்தையோட."

அப்பா பூச்சாடியை எடுத்துக் கீழே வைத்தார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! நான்கு பெரிய மனிதர்கள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, ஓய்வுநாளை மீறாமல் ஒரு பந்தாட்டத்தைப் பார்க்கிறார்கள். நான் உள்ளே போய் ஷூவைப் பாட்டுப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டேன். அடுக்களையில் அம்மா நின்றாள்.

"பாட்டு பிராக்டிஸ் இருக்கும்மா."

அம்மா பையைத் தூக்கிப் பார்த்தாள். "பாட்டுப் புத்தகம் இம்புட்டுக் கனமா?" என்றாள். கேட்டுவிட்டு, கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை அவளே சத்தம் வராமல் நீக்கினாள். "வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துரு. இல்லன்னா எனக்கும் சேத்து விழும்."

ஓடினேன். ஞாயிறு மத்தியானத்து ஆட்டுக்கறிக் குழம்பு வயிற்றில் குலுங்க ஓடினேன். முதல் சுற்றில் நாலாவது. இரண்டாவது சுற்றில் போடிப் பிள்ளை ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோருடைய மூச்சும் பின்னால் போனது. இரண்டாவது இடம். டீச்சர் என் கழுத்தில் ஒரு மெடலை மாட்டி, கையில் திருச்சிக்கான ஃபாரத்தைக் கொடுத்தார். அடியில் பெற்றோர் கையெழுத்து என்று ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததும்தான் அப்பா ஞாபகம் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தால் இழவு வீடு. சகோதரனைப் போட்டுத் துவைத்திருந்தார்கள். ராவுத்தருடைய ஆட்கள் அவர் பந்தை நாலாபக்கமும் அடித்துத் தள்ளி, கோப்பையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு தடவைகூட அவருக்கு முழங்கால் போட வாய்க்கவில்லை. அப்பா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஆண்டவர் தமக்குப் பிரியமானவங்களைச் சோதிக்கிறார்" என்று போதகர் ஐயா சொல்லிக்கொண்டிருந்தார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை.

அந்த நேரம் பார்த்து என் கழுத்து மெடல் கதவில் பட்டு டங்கென்றது. கழற்ற மறந்திருந்தேன்.

அப்பா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. என் கையிலிருந்த ஃபாரத்தைப் பிடுங்கினார். கிழித்தே இருப்பார், போதகர் ஐயா மட்டும் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால். 

"பொறுங்க" என்றார். மெடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு அவருக்கு ஜெயித்த ஆள் ஒருத்தர் வேண்டியிருந்தது, எவராக இருந்தாலும் சரி.

"ஓடுறதுக்கு முந்தி ஜெபிச்சியாம்மா?"

நான் அப்பா கையிலிருந்த ஃபாரத்தைப் பார்த்தேன். "ஆமாங்கய்யா."

"முழங்கால் போட்டா?"

"ஆமாங்கய்யா."

"எல்லாரும் பாத்தாகளா?"

"மைதானமே பாத்துச்சுங்கய்யா."

அப்பாவின் கை தளர்ந்தது. "அடுத்த வாரம் சபையில சாட்சி சொல்லட்டும்" என்றார் போதகர் ஐயா. அப்பா ஃபாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சாட்சி சொல்லு. பெறகு கையெழுத்துப் போடுறேன்" என்றார். டி.வி.யின் மேல் பழையபடி துணி ஏறியது.

அந்த வாரம் முழுவதும் நான் எண்ணூறு மீட்டர் ஓடவில்லை, சாட்சி பழகினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் நன்றாகவே சொன்னேன். கடைசி நூறு மீட்டரில் கால் தளர்ந்தது என்றேன். அப்போது ஒரு கை என் முதுகில் பட்டது என்றேன். திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை என்றேன். இந்த இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினேன். கல்லெறி அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சபை முழுக்க ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றது. எங்கள் சபைக்கென்று சொந்தமாக ஒரு விளையாட்டு வீராங்கனை கிடைத்துவிட்டாள், வெளிநாட்டுக்காரரை நம்பி இருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓடினாளே என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா சபைக் கோவில் வாசலிலேயே, பாட்டுப் புத்தகத்தின் மேல் ஃபாரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவர் கண் ஈரமாக இருந்தது. எனக்கு சந்தோஷமாகவும் இருந்தது, வாந்தி வருகிற மாதிரியும் இருந்தது.

திருச்சிக்கு அப்பாவும் வந்தார். கடையைப் பூட்டிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் வேதத்தோடு. மகள் மாநிலத்துக்கே சாட்சியாக நிற்பதைப் பார்க்க வேண்டுமே. நல்லவேளை, அது ஒரு வெள்ளிக்கிழமை.

எட்டுப் பேர் ஓடினோம். சென்னைப் பிள்ளைகள் முதல் சுற்றிலேயே கண்ணை விட்டு மறைந்துபோனார்கள். இந்த முறை மற்றவர்களின் மூச்சு என் பின்னால் போகவில்லை. என் மூச்சுதான் எனக்குக் கேட்டது, அதுவும் ஓட்டைப் பம்பு இழுக்கிற மாதிரி. கோட்டைத் தாண்டியதும் முழங்கால் மடங்கி அப்படியே விழுந்தேன். அப்பா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, நான் ஜெபிக்கிறேன் என்று நினைத்துத் தானும் கண்ணை மூடிக்கொண்டாராம். திறந்து பார்த்தபோது நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். 

கயிற்றைத் தாண்டி ஓடி வந்தார். ஒரு கையால் என் நெற்றியைத் தாங்கினார், இன்னொரு கையால் சடையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்லத்தா, ஒண்ணுமில்ல. மூச்ச விடு" என்றார். வெள்ளைச் சட்டை பாழ். வேதத்தைக் கயிற்றடியில் போட்டுவிட்டு வந்திருந்தார். ஏழாவது இடம் என்று மைக்கில் சொன்னார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் திண்டுக்கல் தாண்டியதும் சொல்லிவிட்டேன். இனிமேல் வயிற்றுக்குள் வைத்திருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

"அப்பா, அன்னைக்கு நான் ஜெபிக்கல."

"முழங்கால் போட்டேன்னியே?"

"ஷூ கயிறு கட்டக் குனிஞ்சேன்."

"முதுகுல கை?"

"கையும் இல்ல."

அப்பா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பின்ன எப்படி ரெண்டாவது வந்த?" என்று கேட்டார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"ஓடித்தான்ப்பா."

"கோவில்ல நின்னு எதுக்குத்தா பொய் சொன்ன?"

"நீங்க கையெழுத்துப் போடணுமே."

அடிப்பார் என்று நினைத்தேன். பஸ்ஸில் வைத்து அடிக்காவிட்டாலும் வீட்டுக்குப் போய் அடிப்பார். வத்தலக்குண்டு போயிற்று, தேவதானப்பட்டி போயிற்று. பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாக்காய் வாங்கி வந்து என் மடியில் வைத்தார்.

"கடைசியா வந்துச்சே ஒரு புள்ள, நீலப் பாவாடை, அதுக்கு யாரும் வரல பாத்தியா?" என்றார். "அது பாட்டுக்குச் செருப்பை மாட்டிக்கிட்டு தனியாப் போகுது. டி.வி.ல இந்த ஆளுகளையெல்லாம் காட்ட மாட்டாகல்ல." பிறகு தேனி வரும்வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் யாரும் என்னிடம் திருச்சியைப் பற்றிக் கேட்கவில்லை. ஏழாவது வந்த சங்கதி பரவியிருந்தது. கல்லெறி அத்தை என் கன்னத்தைத் தடவிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். ஜெயித்தவனுக்குத்தான் சாட்சி. தோற்றவனுக்குச் சொல்ல எங்கள் சபையில் ஒரு முறையும் கிடையாது. சாட்சி நேரம் வந்ததும் போதகர் ஐயா என் பெஞ்சைத் தாண்டிக் கண்ணை ஓட்டினார். யாரும் எழவில்லையே என்று அடுத்த பாட்டுக்கு நம்பர் சொல்லப் போனார். ஆண்கள் பக்கத்தில் அப்பா எழுந்து நின்றார்.

"எம் மக திருச்சியில ஓடுனா. ஏழாவதா வந்தா" என்றார்.

போதகர் ஐயா கை கொடுத்தார்: "ஆனாலும் ஆண்டவர்..."

"இருங்கய்யா, முடிக்கல. போன தடவை முதுகுல கை பட்டுச்சுன்னு இங்கன சொன்னா. அப்படி ஒண்ணும் நடக்கல. பொய். சொன்னது அவ, சொல்ல வச்சது நானு. கையெழுத்தைப் பையில வச்சுக்கிட்டுச் சாட்சி கேட்டேன். எந்தப் புள்ளையும் சொல்லத்தான் செய்யும்." அவர் கை முன்பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தது. கமிட்டி மெம்பர், இருபது வருஷமாக அந்தக் கோவிலில் தலை குனியாத மனிதர். "எட்டுப் பேருல ஏழாவதா வந்தா. அது மட்டும் நெசம். நானே பாத்தேன். அதுக்கு ஸ்தோத்திரம்."

சொல்லிவிட்டு நின்றார். சாட்சி சொன்னவர் சபை ஆமென் சொன்ன பிறகுதான் உட்காருவார், அதுதான் வழக்கம். ஆமென் வரவில்லை. எதற்கு ஆமென் சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. போதகர் ஐயா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அப்பா நின்றுகொண்டே இருந்தார். நான் தலையைக் குனிந்து, மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தேன்.

அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "ஆமென் சொல்லுடி. உங்கப்பா உக்கார முடியாம நிக்கிறாக."

சொன்னேன்.